மாப்பிள்ளை வீட்டார் கவனத்திற்கு

2019 ஜூலையில் உத்தராகண்ட் சட்டமன்ற உறுப்பினர் பிரணவ் சிங் சாம்பியன் இந்த நாட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். குடிப்பது குற்றமா? உரிமம் வாங்கிய துப்பாக்கியை வைத்திருப்பது குற்றமா? துப்பாக்கிகளை ஏந்தி, இந்திப் பாட்டுக்கு ஆடி, இடையிடையே மதுவை வாய்க்குள் கவிழ்த்துக்கொள்ளும் அவரது வீடியோ அப்போதுதான் ஊரெல்லாம் பரவியிருந்தது. துப்பாக்கியில் தோட்டா இல்லை, யாரையும் குறிபார்க்கவில்லை, எல்லாம் எனக்கு எதிரான சதி என்றார்.

பாரதிய ஜனதா கட்சிக்குக் கோபம் வந்தது. ஆறு வருடத்துக்கு அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது. அந்த ஆறு வருடம் 2020 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. கணக்கு இடிக்கிறதே என்பவர்கள் அரசியல் கட்சிகளின் காலண்டரைப் பார்த்திராதவர்கள். 2025 ஜனவரி 26 அன்று, குடியரசு நாளும் அதுவுமாக, ரூர்க்கியில் அரசியல் எதிரியின் அலுவலகத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். இந்த முறை தோட்டா இல்லை என்று சொல்ல வழியில்லை.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே குற்றமில்லை. உத்தராகண்டில் மது விற்பது அரசின் வருமானம். துப்பாக்கிக்குக் கையெழுத்துப் போட்டது மாவட்ட ஆட்சியர். இரண்டு அனுமதியையும் முறைப்படி வாங்கிய மனிதர் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று அந்த ஆட்சியர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்க விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஸ்கூட்டர் ஓட்டுகிற குமாஸ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு வண்டியை எடுக்கிறார். சிக்னலைத் தாண்டினதும் போலீஸ்காரர் கருவியை வாயருகே நீட்டி, "ஊதுங்க சார்" என்கிறார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மனைவிக்குத் தெரியாமல் அந்தப் பத்தாயிரத்தைப் புரட்டும் பாடு தனி. ஸ்கூட்டர் கொல்வதற்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல. இருந்தாலும் அதற்கு 30 மில்லிகிராம் என்று ஓர் எண் இருக்கிறது. கொல்வதற்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. ஒரு மில்லிகிராமும் இல்லை, முந்நூறும் இல்லை. குடித்துவிட்டு வண்டியில் கல்யாணத்துக்குப் போகக்கூடாது. நடந்து போய்ச் சுடலாம்.

அரசு அசட்டையாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் மருத்துவச் சான்றிதழ் கேட்கின்றன. விண்ணப்பதாரரின் மனநலம் சரியாக இருக்கிறது, போதைப் பொருட்களுக்கு அவர் அடிமையில்லை என்று டாக்டர் ஒருவர் எழுதித் தர வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் ஆள் அம்போடு வந்து எதிரே உட்கார்ந்து, "எழுதுங்க டாக்டர்" என்கிறார். சுகாதார நிலையத்து இளம் டாக்டர் என்ன எழுதுவார் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன். அடிமையில்லை. உண்மைதானே, எஜமானர்தானே வந்திருக்கிறார். அந்தத் தாளுக்குப் பிறகு உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஐந்து வருடத்தில் எத்தனை முகூர்த்தங்கள், எத்தனை பாட்டில்கள்!

தகுதியை அரசு வேறு வழிகளிலும் அளந்து பார்த்திருக்கிறது. 2008இல் மத்தியப் பிரதேசத்தின் சிவ்புரி மாவட்ட நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. ஆண்கள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் துப்பாக்கி உரிமத்தில் முன்னுரிமை. ஆண்மை போய்விடும் என்று சிகிச்சைக்குப் பயப்படுகிறவனுக்கு அதைத் தோளில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாரோ ஓர் அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. 2019இல் குவாலியர் மாவட்டம் இன்னும் மென்மையானது. உரிமம் வேண்டுமென்றால் பத்து மரக்கன்று நட்டு, அதனோடு செல்ஃபி எடுத்துக் கொண்டுவர வேண்டும். அந்த வருடக் குளிர்காலத்தில் பசுக் காப்பகத்துக்குப் பத்துக் கம்பளி கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆக, இந்தக் குடியரசில் துப்பாக்கி வாங்க மரம் நடலாம், மாட்டுக்குப் போர்த்தலாம், நரம்பை வெட்டிக்கொள்ளலாம். குடித்துவிட்டு அதைத் தொடமாட்டேன் என்று மட்டும் நிரூபிக்கத் தேவையில்லை.

துப்பாக்கி ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் வழக்கமான விடை தற்காப்பு. உயிருக்கு ஆபத்து. 2016 முடிவில் இந்தியா முழுவதும் சுமார் 33.69 லட்சம் உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,500க்குச் சற்று மேல். உயிரின் மீது உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு இருக்கும் ஆசை நமக்கு இல்லை போலும். நமக்குத் துப்பாக்கி என்றால் 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆர். மீது எம்.ஆர். ராதா சுட்டதை ஐம்பது வருடம் கழித்தும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம். வடக்கே ஒரு கல்யாணச் சீசனில் வெடிக்கிற தோட்டாக்களைப் பற்றிப் பேச எந்தத் திண்ணையும் போதாது.

அங்கே பாராத் என்கிற மாப்பிள்ளை ஊர்வலம் புறப்படும். முன்னால் பேண்டு, நடுவில் குதிரை, குதிரை மேல் பையன். ஊர்வலத்தின் வாலில் ஒரு காரின் பின்கதவு திறந்திருக்கும். அங்கே பிளாஸ்டிக் டம்ளர்கள் கைமாறும். இரட்டைக் குழல் துப்பாக்கியோடு மாமா ஒருவர் இருப்பார். வானத்தைப் பார்த்து இரண்டு வெடி. ஹர்ஷ் ஃபயரிங் என்று அதற்குப் பெயர். குடும்பம் கௌரவமானது என்று நாலு ஊருக்குத் தெரிய வேண்டாமா? மகளுக்கு எத்தனை பவுன் போட்டோம் என்பதுபோல எத்தனை ரவுண்டு சுட்டோம் என்றும் ஒரு கணக்கு.

வானத்தைத்தானே சுட்டோம் என்பார்கள். வானத்துக்குப் போனது அங்கேயே தங்கிவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஜூலியன் ஹாட்சர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி இதற்காகவே மேல்நோக்கிச் சுட்டுச் சோதித்தார். செங்குத்தாகப் போன ரைபிள் குண்டு விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் திரும்பி விழும் என்று கண்டார். மண்டையோட்டுக்கு அது போதும். அதுவும் நிதானமாக நிற்கிறவன் செங்குத்தாகச் சுட்டபோது. மூன்றாவது டம்ளரில் இருக்கிறவனுக்குச் செங்குத்து எது? அவன் கை சாயும். சாய்ந்து போகும் குண்டு வேகம் அவ்வளவாகக் குறையாமல் எதிர்வீட்டு மாடிக்குப் போகும். அங்கே ஊர்வலம் பார்க்க நிற்கிறவர்கள் பெண்களும் பிள்ளைகளும்.

கூரையைப் பார்த்துத்தான் சுட்டேன் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்னார். 2007இல் உத்தராகண்டில் ஒரு கல்யாண வீட்டில் அவர் சுட்டார். ரவைகள் சிதறிப் பட்டதில் இருவர் இறந்தார்கள். ஆள் நெருங்கிய இடத்தில் நிரப்பிய துப்பாக்கியைக் கொண்டுவருகிறவருக்கு விளைவு தெரிந்தே இருக்கும், இது வெறும் விபத்து அல்ல என்று சொல்லி, கொலைக் குற்றத்திலிருந்து ஒரு படி இறக்கி, 2020 மார்ச்சில் பத்து வருடத் தண்டனை கொடுத்தார்கள். வெடி கேட்டதிலிருந்து தீர்ப்புக் கேட்க ஏறக்குறைய 13 வருடம். அந்த வீட்டில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் திருமண நாளை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று எனக்குச் சில சமயம் யோசனை வரும்.

2016 நவம்பர் நடுவில், நாடே பழைய நோட்டை மாற்ற வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, ஹரியானாவின் கர்னாலில் ஒரு கல்யாணத்துக்கு ஒரு பெண் சாமியார் தன் மெய்க்காவலர்களோடு வந்தார். அவரும் சுட்டார், காவலர்களும் சுட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை செத்துப்போனார். ஆசீர்வாதம் செய்ய வந்தவர்கள். அட்சதைக்குப் பதிலாக அவர்கள் கையில் இருந்தது அதுதான்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 3. பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டம், மௌர் மண்டி. கல்யாண மேடையில் நான்கைந்து பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே குடித்துவிட்டு நின்றவர்களில் ஒருவன் கையில் துப்பாக்கி. சுட்டான். 25 வயதுப் பெண் மேடையிலேயே சரிந்தாள். கர்ப்பிணி. கர்ப்பத்தோடு ஏன் ஆட வந்தாள் என்று கேட்ட நல்லவர்களும் இருந்தார்கள். வாடகை கொடுக்க வேண்டியவர்கள், வேறு வேலை கிடைக்காதவர்கள் ஆட வருவார்கள் ஐயா. துப்பாக்கியோடு ஏன் வந்தான் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் மனம் கோணும்.

2019 டிசம்பர் முதல் நாளை ஒட்டி, உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடம் மாவட்டத்தில் கிராமத் தலைவர் வீட்டுக் கல்யாணம். பாட்டு நின்றது, பெண்களும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். குண்டு பாயும் என்று கூட்டத்தில் ஒரு குரல் மிரட்டுகிறது, சுடுங்கள் அண்ணா என்று இன்னொரு குரல் தூண்டுகிறது. வீடியோவில் இரண்டும் கேட்கின்றன. அடுத்த நொடி குண்டு ஆடிய பெண் ஒருத்தியின் முகத்தில். தாடை சிதைந்தது. ராமர் வனவாசம் இருந்த இடம் என்று யாத்திரை போகிறார்களே, அதே சித்திரகூடம்.

எனக்கு இதில் விளங்காதது அந்த விண்ணப்பத்தின் "தற்காப்பு". யாரிடமிருந்து? சலங்கை கட்டிய பெண்ணிடமிருந்தா? வருடத்துக்கு இத்தனை தோட்டாதான் வாங்கலாம் என்று உரிமத்தில் எழுதித் தருகிறார்கள். அதை ஊதாரித்தனமாக வானத்துக்கும் மேடைக்கும் செலவழித்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி வாங்க வருகிறவரிடம், போன வருடம் எத்தனை எதிரிகள் வந்தார்கள், எத்தனை பேரை விரட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கிற ஆள் உண்டா? ரேஷன் கடையில் அரைக் கிலோ சர்க்கரைக்கு விரல் ரேகை வைக்கச் சொல்கிற நாடு இது.

குடியையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பேசும்போது 1999 ஏப்ரல் 29 இரவைத் தாண்டிப் போக முடியாது. தில்லி மெஹ்ரோலியில், குதுப்மினார் தெரியும் இடத்தில், டாமரிண்ட் கோர்ட் என்ற உணவகம். மது விற்க உரிமம் இல்லாத அந்த இடத்தில் பெரிய இடத்து ஆட்களுக்கு மது ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிகா லால் என்ற பெண் அன்று பரிமாறும் பக்கம் நின்றார். நள்ளிரவு தாண்டி, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்ன பிறகு வந்தார் மனு சர்மா. ஹரியானா காங்கிரஸ் பெரும்புள்ளி வினோத் சர்மாவின் மகன். ஒரு கிளாஸுக்கு 1,000 ரூபாய் தருகிறேன் என்றார். ஜெசிகா இல்லை என்றார். .22 கைத்துப்பாக்கி வெளியே வந்தது. முதல் குண்டு கூரைக்கு. இரண்டாவது ஜெசிகாவின் தலைக்கு.

இல்லை என்ற சொல்லை அதுவரை கேட்டுப் பழகியிராத பிள்ளை. அந்த விருந்தில் இருந்த அவ்வளவு பேருக்கும் நீதிமன்றத்துக்கு வந்தபோது ஒருவர் பின் ஒருவராகக் கண் தெரியாமல் போனது. சுட்டது ஒரு துப்பாக்கியா இரண்டா என்று சாட்சி குழம்பினார். 2006 பிப்ரவரியில் எல்லோரும் விடுதலை. ஊர் கொந்தளித்தது, தில்லி உயர் நீதிமன்றம் அதே வருடம் டிசம்பரில் மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடுவே 2009இல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று பரோலில் வந்தவரைத் தில்லியின் ஓர் இரவு விடுதியில் பார்த்தார்கள். ஒருவேளை மருந்து அங்கேதான் கிடைத்ததோ என்னவோ. 2020இல் தண்டனைக் குறைப்போடு விடுதலை. குடும்பத்தின் பிக்காடிலி குழுமம் மது வடிக்கிறது. அவர்களுடைய இந்திரி விஸ்கி 2023இல் ஒரு சர்வதேசப் போட்டியில் தலைசிறந்தது என்று விருது வாங்கியது. பெருமைப்பட்டுச் செய்தி போட்ட பத்திரிகைகளில் பலவற்றுக்கு மெஹ்ரோலி நினைவு வரவில்லை.

இவ்வளவு பேர் செத்த பிறகு சட்டம் விழித்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். கொண்டாட்டத்துக்குச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "அல்லது" என்ற அந்த இடம்தான் முக்கியம். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் பெண்களின் பாதுகாப்புக்கென்று, 2012 தில்லிக் கொடூரத்தில் இறந்த பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த பெயரையே கொஞ்சம் மாற்றி, நிர்பீக் என்ற சிறிய ரிவால்வரைக் கொண்டுவந்தது. அப்போது விலை 1,22,360 ரூபாய். நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியும் உண்டு. ஆக, சுடுவதற்கு அபராதம் சுடும் கருவியின் விலையைவிடக் குறைவு. பந்தல்காரருக்கும் பேண்டுக்கும் கொடுப்பதோடு இதையும் கல்யாணச் செலவில் எழுதிவிடலாம்.

அதே திருத்தத்தில் ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கையையும் குறைத்தார்கள். முன்பு மூன்று. மசோதாவில் ஒன்று என்று கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, கடைசியில் இரண்டு என்று முடிந்தது. கை இரண்டு இருக்கும்போது ஒன்றை வெறுமனே விடுவது அநியாயம்தான். ஆனால் இரண்டாவது கைக்கு டம்ளர் வேண்டுமே என்பதை நாடாளுமன்றத்தில் யாரும் நினைவூட்டவில்லை.

பஞ்சாபில் 2022 நவம்பரில் துப்பாக்கியைப் புகழும் பாட்டைத் தடை செய்தார்கள். பாட்டைத் தடுப்பது சுலபம். பாட்டு எழுதுகிறவனுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை, சட்டமன்றத்தில் ஆளும் இல்லை. பீகாரில் விசேஷம் வேறு. 2016 ஏப்ரலிலிருந்து அங்கே முழு மதுவிலக்கு. ஆகவே அந்த மாநிலத்தில் கல்யாண வீட்டில் சுடுகிறவர்கள் யாரும் குடித்திருக்க முடியாது, சட்டப்படி எல்லோரும் தெளிந்த புத்தியோடுதான் சுடுகிறார்கள். 2018 டிசம்பர் 31 இரவு தெற்குத் தில்லிப் பண்ணை வீட்டில் புத்தாண்டு விருந்து. குண்டடி பட்டு ஒரு பெண் கட்டடக் கலைஞர் இறந்தார். சுட்டதாகக் காவல்துறை கைது செய்தது பீகாரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரை. 2020 தேர்தலில் அவருக்கு முன்னால் இருந்த "முன்னாள்" நீங்கிவிட்டது. வாக்காளர்கள் நீக்கிவிட்டார்கள்.

இது எங்கள் பாரம்பரியம், இதில் கைவைக்காதீர்கள் என்று ஒரு குரல் உடனே கிளம்பும். துப்பாக்கிப் பாரம்பரியம் பார்க்க வேண்டுமென்றால் குடகுக்கு வாருங்கள். கொடவர்களுக்கு உரிமமே தேவையில்லை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விலக்கு. வருடத்துக்கு ஒருமுறை கைல்போது திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர்கள் மரபில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு. எண்ணிச் சுடுவார்கள், எதற்கென்று தெரிந்து சுடுவார்கள். பாட்டில் காலியாகும் வரை சுடுவது எந்த மூதாதை ஏற்படுத்திய சடங்கு?

உரிமை என்பார்கள் சிலர், அமெரிக்காவைக் காட்டி. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில்போல ஆயுதம் ஏந்தும் அடிப்படை உரிமை நம் அரசியலமைப்பில் கிடையாது. இங்கே அது அரசு கொடுக்கும் சலுகை. சலுகையென்றால் நிபந்தனை உண்டு. நிபந்தனைகள் அந்த உரிமத்தோடேயே எழுதியிருக்கின்றன. மாவட்ட ஆட்சியர் தனியாக அனுமதிக்காவிட்டால் திருவிழாவுக்கும் மத ஊர்வலத்துக்கும் பொதுமக்கள் திரளும் இடத்துக்கும் கல்விக்கூட வளாகத்துக்கும் ஆயுதத்தைக் கொண்டுபோகக்கூடாது. பொது இடத்தில் ஆட்டிக் காட்டக்கூடாது என்றும் விதி இருக்கிறது. ஐந்நூறு பேர் சாப்பிடுகிற கல்யாணம் திரள் இல்லையா? துப்பாக்கி பழகுகிற எந்தக் கழகத்திலும் முதல் நாளே சொல்லித் தருவதுதான் மிச்சமும். குழல் வாய் ஆளைப் பார்க்கக்கூடாது, சுடுகிற வரை விசையில் விரல் வைக்கக்கூடாது, துப்பாக்கி ஒரு பூட்டில் தோட்டா வேறு பூட்டில், ஒரு மடக்குக் குடித்திருந்தாலும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஒழுங்காக வைத்திருக்கிற விவசாயியும் துப்பாக்கி சுடும் வீரரும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் வானத்துக்கு நிரூபிப்பதில்லை.

சரி, அரசால் இந்த நிபந்தனைகளை அமல்படுத்த முடியாதா? ஐந்நூறு கல்யாணம், ஆயிரம் துப்பாக்கி, எல்லாவற்றையும் எப்படிக் கண்காணிப்பது, நடைமுறைச் சிக்கல், ஆள் பற்றாக்குறை என்று கையை விரிப்பார்கள். பச்சைப் பொய். தேர்தல் அறிவித்த மறுநாளே பாருங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும். வங்கிக் காவலர், விளையாட்டு வீரர் போன்ற சிலருக்கு விலக்கு, மற்றபடி எல்லோர் பட்டியலும் கையில் இருக்கும். எந்த வீட்டில் எந்த எண் கொண்ட துப்பாக்கி, எத்தனை தோட்டா, எல்லாம் தெரியும். நமது தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும்கூட வயலில் பன்றி விரட்டுகிற துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரியவர்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள். ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தேர்தல் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும்.

அதோடு நிற்கவில்லை. வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மதுக்கடைக்குப் பூட்டு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135சி. வாக்கு எண்ணும் நாளிலும் பூட்டு. ஆக, குடியும் துப்பாக்கியும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அரசுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். இரண்டையும் ஒரே சமயத்தில் பிடுங்கிப் பூட்டி வைக்க அதற்குத் தெரியும். சுமார் 140 கோடிப் பேர் உள்ள நாட்டில், மாவட்டம் மாவட்டமாக, துப்பாக்கியை ஒரு மாதம் ஒன்றரை மாதம், மதுவை 48 மணி நேரம் என்று பூட்டிக் காட்டுகிறது. அது பாதுகாப்பது வாக்குப் பெட்டியை. மேடையில் ஆடும் பெண்ணின் தாடைக்கும் வயிற்றுக்கும் அந்த மதிப்பு வரவில்லை. அவள் தோற்றால் யாருக்கும் பதவி போகாது.

கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போது இரண்டு வீட்டு உரிமதாரர்களும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதைக் காட்ட வேண்டும் என்று ஒரே ஒரு வரி அரசாணை போதும். அது வரும்வரை மாப்பிள்ளை வீட்டாருக்கு என் யோசனை இது. ஜோசியரை விடுங்கள். தேர்தல் ஆணையத்தின் அறிவிப்புக்குக் காத்திருந்து, வாக்குப்பதிவுக்கு முந்தின நாளை முகூர்த்தமாக வையுங்கள். அன்று கடையும் திறக்காது, மாமாவின் துப்பாக்கியும் ஸ்டேஷன் அலமாரியில் இருக்கும். ஆட வருகிற பெண்களிடம் முன்பணம் கொடுக்கும்போது தேதியை முதலில் சொல்லிவிடுங்கள். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.